ஒரே அர்த்தம்தானே? இல்லவே இல்லை!

1/ தெசாரஸ்னா எல்லாருக்கும் ரோஜே பேர்தான் ஞாபகம் வரும். அவரும் டாக்டர்தான், 1852ல் வெளியிட்டார். அதுக்கு 22 வருஷம் முன்னாடியே, 1830ல், இத்தாலிய மொழிக்கு ஓர் ஒத்தசொல் அகராதி ஃபுளோரன்ஸில் வந்துடுச்சு, தெரியுமா?

2/ எழுதியவர் நிக்கோலோ தொம்மசேயோ. 1802ல், இன்றைய குரோஷியாவில் உள்ள ஷிபெனிக்கில் பிறந்தவர்.

3/ ரோஜே சொற்களைக் கூட்டமா சேர்த்தார். தொம்மசேயோ பிரித்துக் காட்டினார். இத்தாலியனில் 'பவூரா' பொதுவான பயம், 'ஸ்பவென்தோ' திடீர்னு வரும் திகில். நாங்க போடுற டிஃபரென்ஷியல் டயக்னோசிஸ் மாதிரிதான்!

4/ இது ஏன் தேவைப்பட்டது? அப்போ இத்தாலி ஒரே நாடே இல்லை. ஊருக்கு ஊர் வேற பேச்சு. எந்தச் சொல் சரி? தொஸ்கானா மக்கள் பேசும் மொழியை அளவுகோலா வைத்தார்.

5/ 1848ல் வெனிஸில் ஆஸ்திரிய அரசு சிறையில் போட்டது. மக்கள் திரண்டு மீட்டார்கள். 1849ல் வெனிஸ் வீழ்ந்ததும் கோர்ஃபு தீவுக்குப் போனார். கண் பார்வை மங்கிக்கொண்டே போச்சு. ஆனாலும் பெல்லினியோடு சேர்ந்து இத்தாலியப் பேரகராதி. 1861ல் வெளிவரத் தொடங்கியது. 1874ல் இறந்தார். வேலை முடிந்தது 1879ல்.

6/ ஒத்தசொல் அகராதியைத் திறந்தா, கிடைச்ச சொல்லை அப்படியே எடுத்துப் போடாதீங்க. வித்தியாசம் என்னன்னு பாருங்க. நெஞ்சில் 'வலி'யும் 'எரிச்சலும்' ஒண்ணா? நீங்க சொல்ற சொல்லை வெச்சுத்தான் டாக்டர் யோசிக்கவே ஆரம்பிப்பார்.