கச்சாலியா, அகமது முகம்மது (இறப்பு 1918)

குஜராத்தின் சூரத் பகுதியைச் சேர்ந்த மேமன் முஸ்லிம். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் துணியைச் சுமந்து விற்கத் தொடங்கி, பிறகு சகோதரருடன் கூட்டாகச் சிறுவியாபாரம் நடத்தினார். 1908இல் அங்கிருந்த பிரித்தானிய இந்தியர் சங்கத்தின் தலைவரானார். குஜராத்தியிலேயே அவருக்குப் பெரிய படிப்பில்லை. ஆங்கிலம் பழக்கத்தில் வந்தது. ஆனாலும் வழக்கறிஞரிடம் போகும் நண்பர்களுக்குக் கூலி வாங்காமல் மொழிபெயர்த்துக் கொடுப்பார். கடைக்காரர் அரசியலுக்கு வருவது கடையைக் காப்பாற்றத்தான் என்பது பொதுவான எண்ணம். கச்சாலியாவின் வாழ்க்கை அதற்கு இடங்கொடுக்கவில்லை.

டிரான்ஸ்வாலில் ஆசியர் விரல் ரேகை வைத்துப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1907இல் வந்தது. அவ்வாண்டு ஜூலை 31 அன்று பிரிட்டோரியாப் பள்ளிவாசல் வளவில் கூடிய கூட்டத்தில், தூக்கில் போட்டாலும் இதற்குப் பணியமாட்டேன் என்று அல்லாஹ்வின் மீது ஆணையிட்டார். சொல்வது எளிது, சோதனை 1909இல் வந்தது. கல்முனைக் கடைக்காரர் புறக்கோட்டையில் கடனுக்குச் சரக்கெடுப்பது போல, அவரும் வெள்ளைக்கார மொத்த வியாபாரிகளிடமே சரக்கெடுத்தார். சட்டத்துக்கு எதிரான போராட்டத்தை விடு, இல்லையேல் கடனை உடனே கட்டு என்று அவர்கள் நெருக்கினார்கள். கணக்குப் புத்தகங்களைத் திறந்து காட்டினார். இருப்பும் வரவேண்டிய பாக்கியும் கடனுக்குப் போதுமானவை. போராட்டத்தை மட்டும் விட மறுத்தார். கடை திவாலாக்கப்பட்டது. பிறகு கடன்காரர்களுக்குப் பவுணுக்கு இருபது ஷில்லிங், அதாவது முழுத்தொகையும், கிடைத்தது.

இவையெல்லாம் அந்தப் போராட்டத்தை வழிநடத்திய நண்பர் காந்தி எழுதிய புகழுரைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கச்சாலியாவின் கல்விக் குறையையும் காந்திதான் எழுதி வைத்திருக்கிறார். வாக்குரிமையே இல்லாதவரை அரசியல்வாதி என்பது எப்படி என்றால், சட்டசபைக் கதவு இந்தியருக்கு அடைத்திருந்த நாட்டில் சங்கத் தலைமையும் சிறையுமே அரசியலாக இருந்தன. வியாபாரிகளின் நலனுக்காகவே நின்றார் என்ற குற்றச்சாட்டு கனமானது. வசதியுள்ள பலர் இடையில் நழுவ, சிறைகளை நிரப்பியவர்களில் தமிழர்களே முன்னின்றார்கள், தம்பி நாயுடு போன்றோர் தலைமையில். ஆனால் 1913 செப்டம்பரில் போராட்டம் மீண்டும் தொடங்குவதை அரசுக்கு அறிவித்த கடிதத்தில் கையெழுத்திட்டவர் கச்சாலியா. அதன் கோரிக்கைகளில் ஒன்று நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்த கூலித்தொழிலாளரை வாட்டிய மூன்று பவுண் தலைவரியை நீக்குவது. டிரான்ஸ்வால் கடைக்காரருக்கு அந்த வரியே கிடையாது. 1914இல் அது நீங்கியது.

மகன்களில் யூசுப், மௌலவி இஸ்மாயில் இருவரும் இனவொதுக்கல் சட்டங்களுக்கு எதிரான 1952 எதிர்ப்பியக்கத்தில் முன்னின்றார்கள். இஸ்மாயில் 1955 பாண்டுங் ஆசிய ஆப்பிரிக்க மாநாட்டுக்கும் சென்றார்.