எத்தனை மடங்கு வேகம்? வரைகலைச் செயலிகளில் திறனளவீட்டின் எல்லைகள்

2007இல் என்விடியாவின் ஜிபியு நிரலாக்கத் தளமான கூடா (CUDA) வெளிவந்ததைத் தொடர்ந்து, வரைகலைச் செயலி (ஜிபியு) சிபியுவைவிட நூறு மடங்கு வேகமானது என்று முடிவுகூறும் ஆய்வுகள் பெருகின. 2010இல் இன்டெலைச் சேர்ந்த விக்டர் லீ குழுவினர் 14 கெர்னல்களை (சிறு கணக்கீட்டு நிரல்கூறுகளை) இரு செயலிகளுக்கும் ஏற்பச் செம்மைப்படுத்தி, கோர் ஐ7-960ஐயும் என்விடியா ஜிடிஎக்ஸ் 280ஐயும் ஒப்பிட்டனர். சராசரி வேறுபாடு 2.5 மடங்காகச் சுருங்கியது. சிபியு விற்கும் நிறுவனத்தின் ஆய்வு என்பதால் அதையும் ஐயத்தோடு அணுகலாம். ஆயினும் அது சுட்டிய குறை மெய்யானது: ஒற்றை இழையில் ஓடும் செம்மையற்ற சிபியு நிரலை எதிரே நிறுத்தினால், வேண்டிய மடங்கை வரவழைத்துவிடலாம். மடங்கு மட்டும் ஓர் அளவீடாகாது. எதை, எங்கிருந்து எதுவரை அளந்தோம் என்பதே அதற்குப் பொருள் தருகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சாக்ஸ்பி என்னும் எளிய கெர்னலை எடுத்துக்கொள்வோம். x வரிசையை ஒரு மாறிலியால் பெருக்கி y வரிசையோடு கூட்டுவதே அதன் வேலை. உறுப்புக்கு இரண்டு கணக்குகள். ஒற்றைத் துல்லியத்தில் 12 பைட் போக்குவரத்து. 10 கோடி உறுப்புகளுக்கு மொத்தம் 1.2 ஜிபி. 40 ஜிபி நினைவகம் கொண்ட என்விடியா ஏ100 ஜிபியுவின் நினைவக வேகம் நொடிக்கு 1555 ஜிபி. எனவே ஏட்டளவில் 0.77 மில்லிநொடி போதும். எட்டுத் தடங்களில் டிடிஆர்4-3200 நினைவகம் பூட்டிய சிபியுவுக்கு (நொடிக்கு 204.8 ஜிபி) 5.9 மில்லிநொடி ஆகும். ஜிபியு ஏழரை மடங்கு வேகம். ஆனால் இரு வரிசைகளையும், சிபியுவையும் ஜிபியுவையும் இணைக்கும் பிசிஐஇ 4.0 வழியே நொடிக்கு 32 ஜிபி வேகத்தில் அனுப்பி, விடையைத் திரும்பப் பெற 37.5 மில்லிநொடி பிடிக்கும். அதையும் சேர்த்தால் அதே ஜிபியு சிபியுவைவிட ஆறு மடங்குக்கு மேல் மெதுவானது. இரண்டு முடிவுகளிலும் கணக்குப் பிழை இல்லை; கடிகாரத்தை ஓடவிட்ட இடம்தான் வேறு.

பரிமாற்ற நேரத்தை எப்போதும் சேர்க்க வேண்டும் என்று இதிலிருந்து விதி வகுத்துவிட முடியாது. ஆயிரம் சுற்றுகள் ஓடும் தீர்வுமுறையில் தரவு ஜிபியு நினைவகத்திலேயே தங்கும்; ஒருமுறைச் செலவு பரவிக் கரைந்துவிடும். தரவு எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் சிபியு-ஜிபியு ஒப்பீட்டு விவாதமே செல்லாது என 2011இல் கிரெக், ஹேசல்வுட் இருவரும் வாதிட்டதன் சாரம் இதுவே.

நேரம் எடுப்பதிலும் ஒரு பொறி உண்டு. கெர்னலை ஏவும் கட்டளை, வேலை முடியும்வரை காத்திராமல் உடனே திரும்பிவிடும். ஒத்திசைக்காமல் கடிகாரத்தை நிறுத்தினால், அளக்கப்படுவது ஏவிய நேரமே.

மடங்குக்கு மாற்று உண்டு. 2009இல் வில்லியம்ஸ், வாட்டர்மன், பேட்டர்சன் முன்வைத்த ரூஃப்லைன் மாதிரி, வன்பொருளின் உச்சவரம்பில் நிரல் எவ்வளவை எட்டியது என்று கேட்கிறது. சாக்ஸ்பியால் ஏ100இல் நொடிக்கு ஏறத்தாழ 259 கிகாஃபிளாப்தான் (ஃபிளாப் என்பது ஒரு மிதவைப்புள்ளிக் கணக்கு) எட்ட முடியும்; 19.5 டெராஃபிளாப் உச்சத்தில் அது 1.3 விழுக்காடு. நினைவக வேகத்தை வைத்துப் பார்த்தாலோ அதற்குமேல் செம்மைப்படுத்த இடமில்லை. எனவே திறனளவீட்டுக் கட்டுரை ஒவ்வொன்றும் தரவின் இருப்பிடம், ஒத்திசைவு முறை, சிபியு நிரலின் செம்மை, எட்டிய உச்சவரம்பு விழுக்காடு ஆகிய நான்கையும் தர வேண்டும். இவை இல்லாத மடங்கை மதிப்பீட்டாளர்கள் சான்றாக ஏற்கலாகாது.