எழுந்திருக்க வேண்டாத பெட்டி

மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருக்க வேண்டும். அந்தக் கால கிராமபோன் ரசிகருக்கு அதுதான் விதி. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் அவ்வளவு நேரம்தான் பாடும். தட்டைத் திருப்பி, ஊசியை மாற்றி, சாவி கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் மறுபடியும் மூன்றே நிமிடம். இந்தத் தொல்லைக்கு முடிவுகட்ட, நியூஜெர்சியின் கேம்டன் நகரிலிருந்த விக்டர் கம்பெனி 1927-ல் ஒரு பெட்டியை இறக்கியது. பெயர் ஆட்டோமேடிக் ஆர்த்தோஃபோனிக் விக்ட்ரோலா, மாடல் 10-50. விலை 600 டாலர். அன்றைக்குப் புது ஃபோர்டு காரே இதைவிட மலிவு.

பன்னிரண்டு தட்டுகளை அடுக்கிவிட்டுச் சாய்ந்து உட்காரலாம். சாவி கொடுக்க வேண்டாம், மின்மோட்டார் உண்டு. பாட்டு முடிந்ததும் ஒரு வளையம் எழும்பித் தட்டைத் தூக்கி, பக்கத்து இழுப்பறைக்குள் சரித்துவிடும். அடுத்த தட்டு வந்து உட்காரும். சத்தத்துக்கு மட்டும் மின்சாரம் கிடையாது. ஊசியின் அதிர்வு, பெட்டிக்குள் மடித்து வைத்த நீளமான குழல் வழியாகவே பெருகி வெளியே வரும். பக்கத்துக்கொரு எஃகு ஊசி மாற்றுவது இங்கே ஆகாது என்பதால், பல தட்டுகளுக்குத் தாங்கும் டங்ஸ்டன் ஊசி போட்டார்கள்.

இழுப்பறைக்குள் மெத்தென்று துணி விரித்திருந்தாலும், விழுவது அரக்குத் தட்டு. நம் ஊர்க் காடுகளின் கொம்பரக்கும் அதில் கலந்திருக்கும். ஓங்கி விழுந்தால் அப்பளம்தான். சோம்பலுக்கு இவ்வளவு செலவழித்த காலம் அது, எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை.

1929-ல் விக்டரை ரேடியோ கம்பெனியான ஆர்சிஏ வாங்கியது. அதே ஆண்டு பங்குச் சந்தையும் சரிந்தது. ரேடியோ இலவசமாகப் பாடும்போது இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு? இப்படிப்பட்ட பெட்டிகள் பரணுக்கும் பாதாள அறைக்கும் போயின. சிலவற்றின் குடலைப் பிடுங்கி எறிந்துவிட்டு மது அலமாரியாக்கினார்கள். வெனீர் பளபளக்கும் பெட்டி, உள்ளே விஸ்கி.

இன்று வாங்கப் போகிறவர் அந்தப் பளபளப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. மரத்தைத் தச்சர் சரிசெய்துவிடுவார். உயிர்நிலை துத்தநாகக் கலவை வார்ப்புகளில் இருக்கிறது. வார்த்தபோது கொஞ்சம் ஈயம் கலந்திருந்தால்கூட, காலப்போக்கில் அது உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, வெடித்து, கடைசியில் பிஸ்கட்டாக உதிர்ந்துவிடும். எண்ணெய் போட்டுப் பிழைக்க வைக்க முடியாது. உடைந்த உறுப்பைப் புதிதாகக் கடைந்துதான் ஆக வேண்டும், அந்தக் கூலி பெட்டி விலையை எட்டிவிடும். அபூர்வம் என்பதாலேயே விலை ஏறிவிடாது. இரண்டு ஆள் தூக்க முடியாத சாமானுக்கு வாங்குவோர் எப்போதுமே குறைவு.

ஓடுகிற பெட்டி கிடைத்தாலும், கடைசிப் பள்ளத்தில் ஊசியை உள்ளே இழுக்கும் வரி இல்லாத பழைய தட்டுகள் முடிந்துவிட்டதை இது கண்டுகொள்ளாது. ஊசி அங்கேயே உரசிக்கொண்டிருக்கும். விஷயம் தெரிந்தவர் நல்ல தட்டு எதையும் இதில் வைப்பதில்லை. போனால் போகட்டும் என்று பன்னிரண்டு தட்டுகளைத் தேடி அடுக்கிவிட்டு, இழுப்பறைக்கு நேராகக் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருக்கிறார்.