எம்டன் என்னும் சொல்

பெங்களூரில் வாழும் தமிழருள் அல்சூர் ஏரியை அறியாதார் இரார். ஏரிக்கரையை அடுத்துத் தமிழ்ச் சங்கம் நிற்கிறது. அதற்குச் சற்றுத் தொலைவில் ‘மதராஸ் சாப்பர்ஸ்’ என்று வழங்கும் பொறியாளர் படையின் தலைமையிடம் இருக்கிறது. அப்படை வீரரை நாடெங்கும் ‘தம்பி’ என்றே அழைப்பர். இந்த வட்டாரத்துத் தமிழ் இல்லங்களில் போரோடு தொடர்புடைய இரண்டு பெயர்கள் வழங்கிவருகின்றன. ஒன்று, படையில் பணியாற்றிய பெரியவர்கள் பெருமையோடு கூறும் ‘பெங்களூர் டார்பிடோ’. மற்றொன்று, பாட்டிமார் குறும்புக்காரப் பேரனைப் பார்த்துக் கூறும் ‘எம்டன்’. இவ்விரண்டையும் பற்றி நம் பிள்ளைகள் கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம்?

டார்பிடோ என்றதும், நீருக்கடியில் பாய்ந்து சென்று கப்பலைப் பிளக்கும் குண்டு நம் நினைவுக்கு வருகிறது. கடலே இல்லாத பெங்களூரில் அஃது எவ்வாறு பிறந்தது என்று வியப்போம். கலைக்களஞ்சியத்தைப் புரட்டினால் ஐயம் தீர்ந்துவிடும். 1912ஆம் ஆண்டில் பெங்களூரில் மதராஸ் சாப்பர்ஸ் படையில் பணியாற்றிய மக்ளின்டாக் என்னும் அதிகாரி அதனை அமைத்தார். வெடிமருந்து நிரப்பிய குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி நீட்டி, பகைவரின் முள்வேலிக்கு அடியில் செலுத்தி வெடிக்கச் செய்வார்கள். வேலி அறுந்து வீரருக்கு வழி திறக்கும். 1944 ஜூன் 6ஆம் நாள் நார்மண்டிக் கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்கியபோதும் இக்கருவி பயன்பட்டது. பெயரில் கடல் இருக்கிறது. பொருளோ முற்றிலும் தரையைச் சேர்ந்தது.

எம்டனின் நிலை இதற்கு நேர்மாறு. அச்சொல்லில் கடலின் வாடையே இல்லை. ‘அவன் பெரிய எம்டன்’ என்றால் எதற்கும் துணிந்தவன், சூழ்ச்சியில் வல்லவன், எவர்க்கும் அகப்படாதவன் என்று பொருள் கொள்கிறோம். ஆயினும் அது முழுக்க முழுக்கக் கடலைச் சேர்ந்த பெயர். ஜெர்மனியின் வடமேற்கில் எம்ஸ் ஆற்றின் முகத்தில் எம்டன் என்னும் துறைமுக நகரம் உள்ளது. அந்நகரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று, ஒரே இரவில் தமிழ் மொழிக்குள் புகுந்து நிலைபெற்றுவிட்டது.

பொது அறிவு நூல்களைப் பார்த்தால், ‘முதல் உலகப் போரில் சென்னையைத் தாக்கிய ஜெர்மானியக் கப்பல் எது?’ என்ற வினாவும், ‘எம்டன்’ என்ற ஒரு சொல் விடையும் இருக்கும். தேர்வுக்கு அதுவே போதும். ஆனால் பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு அது போதாது. நாம் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது சொற்களை மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தோம். அவற்றின் வரலாற்றைப் பெரும்பாலும் ஊரிலேயே விட்டுவிட்டோம். ஆகையால் அந்த ஒரு சொல் விடையைச் சற்றே விரித்துக் காண்போமாக.

எம்டன் 1908ஆம் ஆண்டில் டான்சிக் நகரில் நீரில் இறக்கப்பட்ட இலகு ரகப் போர்க்கப்பல். மூன்று புகைபோக்கிகளும், 10.5 சென்டிமீட்டர் வாயுடைய பத்துப் பீரங்கிகளும் உடையது. சீனக் கரையிலிருந்த ஜெர்மானியத் துறைமுகமாகிய சிங்தாவ் அதன் தங்குமிடம். தோற்றத்தின் அழகால் ‘கீழ்த்திசை அன்னம்’ என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. கார்ல் ஃபான் முல்லர் அதன் தலைவர். 1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது, ஜெர்மனியின் கீழ்த்திசைக் கப்பற்படைக்குத் தளபதியாக இருந்தவர் கிராஃப் ஸ்பே என்னும் கடற்படைத் தலைவர். அவர் தம் கப்பல்களை அழைத்துக்கொண்டு பசிபிக் பெருங்கடல் வழியே கிழக்கு நோக்கிச் சென்றார். எம்டனை மட்டும் தனியே இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பினார். இப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் மீண்டும் இவரைச் சந்திப்போம்.

போர்க்கப்பல்களைக் குறித்த மேற்கோள் நூல் ஒன்று அக்காலத்திலேயே புகழ்பெற்றிருந்தது. ஃபிரெட் ஜேன் என்னும் ஆங்கிலேயர் 1898ஆம் ஆண்டில் அதனை முதன்முதல் வெளியிட்டார். உலகக் கடற்படைகளின் கப்பல்களை அவற்றின் நிழலுருவத்தோடு அதில் தொகுத்தார். தொலைவில் ஒரு கப்பல் தோன்றினால், அதன் புகைபோக்கிகளையும் பாய்மரங்களையும் எண்ணி இன்ன கப்பல் என்று துணியலாம். முல்லர் இவ்வழக்கத்தையே தமக்குத் துணையாகக் கொண்டார். மூன்று புகைபோக்கி உடைய எம்டனில் நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றை எழுப்பிவிட்டார். கண்டவர் அதனைப் பிரிட்டிஷ் கப்பல் என்றே எண்ணினர். நூலை முற்றும் நம்பியவரை நூலாலேயே ஏமாற்றிய சூழ்ச்சி இது. தமிழர் அச்சொல்லுக்குக் கற்பித்த பொருள் எவ்வளவு பொருத்தம் என்பதை இங்கே காண்கிறோம்.

1914 செப்டம்பரில் எம்டன் வங்காள விரிகுடாவில் புகுந்து, வணிகக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தது. செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஒன்பதரை மணி அளவில் சென்னைக் கடற்கரைக்கு எதிரே வந்து நின்றது. நகரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் அந்நாளில் அமைந்திருந்த கலங்கரை விளக்கமும் ஒளி வீசிக்கொண்டிருந்தது. எம்டன் தன் தேடுவிளக்கின் ஒளியைத் துறைமுகத்தை அடுத்திருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள்மேல் பாய்ச்சிச் சுட்டது. அரைமணி நேரத்துக்குள் ஏறக்குறைய 130 குண்டுகள் பாய்ந்தன. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, துறைமுகத்தில் நின்ற கப்பலொன்றும் தாக்குண்டது, சிலர் உயிரிழந்தனர். கரையிலிருந்த பீரங்கிகள் விடையிறுக்கத் தொடங்குமுன் பெரும்பகுதி வேலை முடிந்துவிட்டது. எம்டன் விளக்குகளை அணைத்துக்கொண்டு இருளில் மறைந்தது. உயர்நீதிமன்ற வளாகத்தின் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு ஒன்றை இன்றும் காணலாம். சென்னைக்குச் செல்லும்போது பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டத்தக்க இடம் அது.

பொருட்சேதத்தைவிட மனச்சேதமே பெரிது. பிரிட்டிஷாரின் கடலாட்சியை எவராலும் அசைக்க முடியாது என்று நம்பியிருந்த மக்கள், ஒற்றைக் கப்பல் வந்து சுட்டுவிட்டுத் தப்பிச் சென்றதைக் கண்டனர். ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு உள்நாட்டை நோக்கி ஓடினர். அவ்வச்சத்தினூடே ஒருவகை வியப்பும் கலந்திருந்தது. அச்சமும் வியப்பும் கூடிப் பிறந்ததே நம் எம்டன் என்னும் சொல். ஆகவேதான் அதில் வசையும் இருக்கிறது; மெச்சுதலும் இருக்கிறது.

அதன்பின் எம்டன் அக்டோபர் 28ஆம் நாள் பினாங்குத் துறைமுகத்துள் புகுந்து ஜெம்சுக் என்னும் ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவுகளில் இருந்த கடலடித் தந்தி நிலையத்தை அழிக்க ஐம்பது பேர் அளவில் கரையிறங்கியபோது, சிட்னி என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் விரைந்து வந்தது. அதன் பீரங்கிகள் எம்டனுடையவற்றைவிடப் பெரியன. சிதைந்த எம்டனை முல்லர் பவளப்பாறைமேல் செலுத்தி நிறுத்தினார். அவர்தம் வீரருள் 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரையிறங்கியவர்களோ ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலில் ஏறித் தப்பி, அரேபியா வழியாக 1915இல் கான்ஸ்டான்டிநோபிளை அடைந்தனர். பிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளை முல்லர் கண்ணியமாக நடத்தினார் என்பதைப் பகைநாட்டுப் பத்திரிகைகளும் ஒப்புக்கொண்டன. நம் மொழியில் மிரட்டும் சொல்லாக நிலைத்தவர் உண்மையில் பண்பாளராக இருந்தார்.

இனி நம் உள்ளத்துக்கு நெருக்கமான ஒரு செய்திக்கு வருவோம். திருவனந்தபுரத்தில் 1891இல் பிறந்த தமிழரும் விடுதலை வீரருமான செண்பகராமன் பிள்ளை எம்டன் கப்பலில் வந்தார் என்றும், அவர் வழிகாட்டியதாலேயே சென்னை தாக்கப்பட்டது என்றும் ஒரு கதை வழங்குகிறது. பொது அறிவு நூல்கள் சிலவற்றிலும் அஃது அச்சேறியிருக்கிறது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இத்தகைய கதைகள் இனிக்கும். நம்மவர் ஒருவர் வல்லரசை நடுங்கவைத்தார் என்று பிள்ளைகளிடம் சொல்ல யாருக்குத்தான் ஆசை இராது? எனினும் ஆண்டையும் இடத்தையும் வைத்து அதனைச் சோதிப்பது நம் கடமை.

எம்டன் போருக்கு முன்பே சீனக் கரையில் இருந்தது. அங்கிருந்து நேரே பசிபிக் தீவுகள் வழியாக இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. செண்பகராமனோ அவ்வேளையில் ஐரோப்பாவில் இருந்தார். 1914இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் இந்திய விடுதலைக்கான குழுவொன்றுக்குத் தலைமை தாங்கி, அவ்வாண்டிலேயே பெர்லினுக்குச் சென்று அங்கிருந்த இந்தியர் குழுவோடு இணைந்தார். ஒருவர் ஒரே காலத்தில் சூரிக்கிலும் வங்காள விரிகுடாவிலும் இருத்தல் இயலாது. எம்டனில் பணியாற்றிய அதிகாரிகள் பிற்காலத்தில் எழுதிய நூல்களிலும் அவரைப் பற்றிய பேச்சு இல்லை. ஆதலின் அக்கதையை நாம் மரியாதையோடு விட்டுவிட வேண்டியதே.

இதனால் அவருடைய பெருமை குறையுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. மெய்யான வரலாறு அவருக்கு வேறொரு போர்க்கப்பலை வைத்திருக்கிறது. 1934இல் பெர்லினில் அவர் காலமானார். அவருடைய அஸ்தியை மனைவியார் லட்சுமிபாய் முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் பாதுகாத்தார். 1966ஆம் ஆண்டில், விடுதலை பெற்ற இந்தியாவின் போர்க்கப்பலாகிய ‘டெல்லி’ அவ்வஸ்தியைச் சுமந்து கொச்சியை அடைந்தது.

அந்த டெல்லிக் கப்பல் எது? கலைக்களஞ்சியத்தில் இன்னும் ஒரு பக்கம் புரட்டுவோம். 1948இல் இந்தியக் கடற்படையில் சேர்வதற்கு முன் அதன் பெயர் ‘அக்கிலிஸ்’. 1939 டிசம்பர் 13ஆம் நாள் தென்னமெரிக்காவின் பிளேட் ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே, மூன்று கப்பல்கள் சேர்ந்து ஓர் ஜெர்மானியப் பெருங்கப்பலை எதிர்த்துப் போரிட்டன. அம்மூன்றனுள் அக்கிலிஸும் ஒன்று. எதிர்த்து நின்ற கப்பலின் பெயர் ‘அட்மிரல் கிராஃப் ஸ்பே’. 1914இல் எம்டனை நம் கடலுக்கு அனுப்பினாரே, அதே தளபதியின் பெயரைத் தாங்கிய கப்பல் அது! அவர் ஏவிய கப்பலில் செண்பகராமன் வரவில்லை. அவர் பெயர் கொண்ட கப்பலோடு போரிட்ட கப்பல், மூவண்ணக் கொடியைப் பறக்கவிட்டு அவரைத் தாயகம் சேர்த்தது. எந்தக் கற்பனையாளர் இதைவிட நயமாகப் புனைந்திருக்க முடியும்?

நல்ல மேற்கோள் நூலின் பயன் இதுவே. தமிழில் அத்தகைய பணி எளிதில் நடைபெறவில்லை. தி. சு. அவினாசிலிங்கம் அவர்களின் முயற்சியாலும், பெரியசாமித் தூரன் அவர்களின் பதிப்பாசிரியப் பொறுப்பாலும், தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. இன்று அதனைக் கணினி வழியே வீட்டிலிருந்தும் படிக்கலாம். நூலகத்தில் அமர்ந்து படிக்க விரும்புவோர்க்குக் கப்பன் பூங்காவில், சேஷாத்திரி ஐயர் நினைவு மண்டபத்தில் இயங்கும் மாநில மைய நூலகம் இருக்கிறது.

அடுத்த முறை வீட்டில் பாட்டி, ‘இவன் சரியான எம்டன்’ என்று சொல்லும்போது, பிள்ளையை அருகில் அமர்த்திக்கொள்வோம். சென்னைக் கடற்கரையின் அந்த இரவையும், பொய்ப் புகைபோக்கியையும், சூரிக்கில் இருந்த இளைஞரையும், 1966இல் கொச்சிக்கு வந்த கப்பலையும் ஆண்டுகளோடு எடுத்துச் சொல்வோம். சொல்லை மட்டும் கொடுத்தால் இன்னும் ஒரு தலைமுறையில் அது மறைந்துபோகலாம். வரலாற்றோடு கொடுத்தால், எந்த ஊரில் வாழ்ந்தாலும் அது நம் பிள்ளைகளிடம் தங்கும்.