லூமுட் வட்டாரத் தமிழர் வரலாறும் திரைப்பட விளம்பரத் தாள்களும்

மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் தொழிலாளர் குடியேற்றம், தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி, ஆலயம் ஆகியவற்றின் ஆவணங்களைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. உழைப்பு முடிந்த பின் அம்மக்கள் எதைக் கண்டு மகிழ்ந்தனர் என்பதற்கான சான்றுகள் அரசுக் கோப்புகளில் அருகியே காணப்படும். பழைய திரைப்படச் சுவரொட்டிகளும் துண்டு விளம்பரங்களும் திரையரங்க அட்டைகளும் இவ்விடைவெளியை நிரப்பவல்ல முதன்மைச் சான்றுகள் என்பதைப் பேராக் மாநிலத்து லூமுட்டை முன்னிறுத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லூமுட் டிண்டிங்ஸ் நிலப்பகுதியைச் சார்ந்தது. 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கையின் வழி பிரிட்டிஷார் வசமான இப்பகுதி, நீரிணைக் குடியேற்றங்களின் ஓர் அங்கமாக விளங்கி, 1935இல் மீண்டும் பேராக்குடன் இணைந்தது. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. ஆகவே, பேசும் படத்தின் தொடக்க ஆண்டுகளில் லூமுட் வேறொரு நிருவாகத்தின்கீழ் இருந்துள்ளது. பேராக் ஆவணங்களை மட்டும் நாடும் ஆய்வாளர் அவ்வாண்டுகளுக்குரிய செய்திகளைத் தவறவிட நேரும்.

இத்தாள்கள் அனைத்தும் ஒரே தன்மையின அல்ல. சென்னையில் அச்சான சுவரொட்டி எல்லா ஊர்களுக்கும் பொதுவானது. அது படத்தைப் பற்றியே பேசும். உள்ளூரில் அச்சிட்ட துண்டு விளம்பரமோ திரையரங்கின் பெயர், நாள், காட்சி நேரம், இருக்கை வகுப்பு, கட்டணம் ஆகியவற்றைத் தாங்கி நிற்கும். சென்னையில் படம் வெளியான நாளையும் விளம்பரத்திலுள்ள நாளையும் ஒப்பிட்டால், அப்படம் சிற்றூரை வந்தடைய எவ்வளவு காலம் ஆயிற்று என்பது புலப்படும். காட்சி நாள்களைத் தோட்டத்துச் சம்பள நாளோடு ஒப்பிடலாம். விளம்பர மொழிகளைக் கொண்டு எவ்வினத்தார் அழைக்கப்பட்டனர் என்பதையும் அறியலாம். எனினும், 1946இல் தோற்றம்பெற்ற மலாயாத் திரைப்படப் பிரிவு தயாரித்து, ஊர்திகளில் கொண்டுசென்று காட்டப்பட்ட இலவசப் படங்கள் போன்றவை கட்டண விளம்பரங்களில் இடம்பெறா. எனவே, வாய்மொழி வரலாறும் உடன் தேவைப்படுகிறது.

நாளேடுகளும் துணைபுரியும். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்', 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகியவற்றின் பழைய இதழ்கள் இவ்வகையில் பயன்தரத் தக்கவை. ஆயினும், சிற்றூர்க் காட்சிகளுக்குத் துண்டு விளம்பரமே நெருங்கிய சான்றாகும்.

தனியார் சேகரிப்பு பொது ஆவணமாக உயர்ந்தமைக்குத் தமிழகத்தில் சான்று உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபின், அவரது சேகரிப்பைக் கொண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையுடன் 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. நூல்களோடு திரைப்படப் பாட்டுப் புத்தகங்களும் துண்டு விளம்பரங்களும் அங்குப் பேணப்படுகின்றன. நூலுக்குரிய மதிப்பை உதிரித்தாளுக்கும் வழங்கியமையே அச்சேகரிப்பின் சிறப்பு எனலாம்.

பழம்பொருள் சந்தையின் அளவுகோல் வேறு. நடிகரின் புகழும் தாளின் பொலிவுமே அங்கு விலையைத் தீர்மானிக்கின்றன. திரையரங்கின் பெயர் கொண்ட அடிப்பகுதியைக் கத்தரித்துவிட்டு, நடிகரின் முகத்தை மட்டும் சட்டமிட்டால் அழகுப்பொருள் எஞ்சும்; ஊரின் வரலாறு அழிந்துவிடும். இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, லயங்கள் கலைந்து, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துள்ள இன்றைய நிலையில், பழைய பெட்டிகளுக்குள் கிடக்கும் தாள்களின் பின்னணியை அறிந்த முதியோரும் குறைந்து வருகின்றனர்.

ஆகவே, தாள் கிடைத்த இடம், வைத்திருந்தவர் எத்தோட்டத்தினர், எவ்வாறு கைக்கு வந்தது ஆகிய மூன்றையும் சேகரிப்போர் உடனே குறித்துவைத்தல் வேண்டும். மஞ்சோங் மாவட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவரின் வட்டார வரலாற்றுப் பணியாக இதனை மேற்கொள்ளலாம். தாளை வாங்க வேண்டுமென்பதில்லை. உரியவரின் இசைவுடன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் முழுமையாகப் படமெடுத்துக் குறிப்பெழுதினாலே, தோட்டத் தமிழரின் மாலைப் பொழுதுகள் வரலாற்றில் இடம்பெற வழி பிறக்கும்.