கருப்பகாலத்தில் அறிகுறியற்ற சிறுநீர்த் தொற்று: பழனிமலைப் பெரும்பாறைப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கருவுற்ற பெண்களிடம் எரிச்சல், வலி, காய்ச்சல் முதலிய எவ்வித அறிகுறியும் இன்றிச் சிறுநீரில் பாக்டீரியா பெருகியிருக்கும் நிலையை மருத்துவம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தனியாக வரையறுத்தது. நோயாளி உணராத இந்நிலையை ஆய்வகம் மட்டுமே அறிவிக்க இயலும். எனவே இந்நோயின் வரலாறு, ஆய்வகத்திற்கும் கர்ப்பிணிக்கும் இடைப்பட்ட தொலைவின் வரலாறாகவும் அமைகிறது. இக்கருத்தைத் திண்டுக்கல் மாவட்டக் கீழ்ப்பழனி மலையிலுள்ள பெரும்பாறைப் பகுதியையும், அதன் அடிவாரச் சமவெளியில் உருவான தாய்சேய் நல நிறுவனங்களையும் முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கருப்பகாலம், சிறுநீர்த் தொற்று, நீர்க்குறி, காந்திகிராமம், பெரும்பாறை, தாய்சேய் நலம்.

முன்னுரை

தமிழில் சிறுநீர் நோய்களுக்கு வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் துன்பத்தைக் கொண்டே அமைந்தவை. நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, நீரடைப்பு, நீரெரிச்சல் என எதை எடுத்துக்கொண்டாலும், நோயுற்றவர் உணரும் ஒன்றே நோய்க்குப் பெயராகியிருக்கிறது. உணரப்படாத நோய்க்கு வழக்குமொழியில் பெயர் இல்லை. ‘அறிகுறியற்ற சிறுநீர்த் தொற்று’ என்பது மருத்துவ நூலுக்காக ஆக்கப்பட்ட சொற்றொடர். உடலில் எந்தத் துன்பமும் இல்லாத ஒரு பெண்ணிடம் ‘உனக்குத் தொற்று உள்ளது’ என்று கூறும் அதிகாரம் எப்போது, எதன்வழித் தோன்றியது என்பதே இக்கட்டுரையின் முதல் வினா. அந்த அறிவு மலையேறிச் செல்ல எவை தேவைப்படுகின்றன என்பது இரண்டாம் வினா.

சித்த மரபில் சிறுநீர்த் தேர்வு

சிறுநீரைக் கண்டு நோயறியும் முறை தமிழ் மருத்துவத்திற்குப் புதிதன்று. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வுகளுள் இதுவும் ஒன்று. நீர்க்குறியில் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் ஆகிய ஐந்தும் நோக்கப்படும். நெய்க்குறியில் சிறுநீரின் மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விடப்படும். அது பாம்புபோல் நீண்டால் வளி, மோதிரம்போல் வட்டமிட்டால் அழல், முத்துப்போல் நின்றால் ஐயம் எனக் கொள்வர். தேரையர் பெயரில் வழங்கும் நூல்மரபு இதனை விரிவாகப் பேசுகிறது.

இத்தேர்வு நோயாளியின் சொல்லை மட்டும் நம்பாமல் பொருளையும் நோக்கியது என்பது குறிப்பிடத்தக்கது. எனினும் அது கண்ணுக்கும் மூக்குக்கும் புலப்படுவதன் எல்லைக்குள் நின்றது. தெளிந்த நிறமும் இயல்பான மணமும் கொண்ட சிறுநீரில் நுண்ணுயிர் இருக்கக்கூடும் என்ற கருத்து வேறொரு கருவியை வேண்டி நின்றது.

ஆல்புமினும் சர்க்கரையும்

கர்ப்பிணியின் சிறுநீரை நவீன மருத்துவம் முதலில் நோக்கியது தொற்றைத் தேடி அன்று. 1843இல் லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் லீவர், பேறுகால வலிப்பு கண்ட பெண்களின் சிறுநீரில் ஆல்புமின் இருப்பதைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டு, 1844இல், சென்னையில் அரசு மகப்பேறு மருத்துவமனை தொடங்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் கருப்பகாலக் கண்காணிப்பு ஒரு முறையாக வளர்ந்தபோது, சோதனைக் குழாயில் சிறுநீரைச் சூடேற்றி ஆல்புமினும், பெனடிக்ட் கரைசலிட்டுச் சர்க்கரையும் பார்ப்பது அதன் நிலையான அங்கமாயிற்று. இவை எளியவை, ஒரு விளக்கும் ஒரு குழாயும் போதும், விடையும் அந்த இடத்திலேயே கிடைக்கும். எனவே இவை கிராமம் வரை சென்றன. இன்றும் கர்ப்பிணியின் கையிலுள்ள தாய்சேய் நல அட்டையில் சிறுநீருக்கெனக் காணப்படுபவை ஆல்புமின், சர்க்கரை என்னும் இரு கட்டங்களே.

சிறுநீரகத் தொற்றும் அறியப்படாததன்று. கருவுற்ற பெண்களிடம் தோன்றும் சிறுநீரக அழற்சியைப் பிரெஞ்சு மருத்துவர் பியர் ரேயே 1839–41 காலத்து நூலில் விவரித்திருந்தார். இத்தொற்றுக்குப் பெரிதும் காரணமாகும் எசரிக்கியா கோலி பாக்டீரியாவைத் தியோடர் எஷெரிச் 1885இல் விவரித்தார். ஆயினும் குளிர்காய்ச்சலும் விலாவலியும் கண்ட பிறகே நோய் நோயாகக் கருதப்பட்டது.

காஸ் வகுத்த எல்லை

இந்நிலையை மாற்றியவர் பாஸ்டன் நகர மருத்துவமனையில் பணியாற்றிய எட்வர்ட் காஸ். 1956இல் அவர் வெளியிட்ட ஆய்வு, சிறுநீர் பிடிக்கும்போது வெளியிலிருந்து கலக்கும் பாக்டீரியாவையும் சிறுநீர்ப்பையில் உண்மையாகப் பெருகியதையும் எண்ணிக்கையால் பிரித்துக் காட்டியது. ஒரு மில்லி லிட்டருக்கு 1,00,000 என்ற எல்லை அவ்வாறு நிலைபெற்றது. தொடர்ந்து கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வுகளில், நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேரிடம் அறிகுறியற்ற தொற்று இருப்பதையும், மருந்து அளித்தால் பின்னர் வரும் சிறுநீரக அழற்சி பெரிதும் குறைவதையும் அவர் காட்டினார். சிகிச்சை பெறாதோரில் நூற்றுக்கு 20 முதல் 40 பேர் வரை சிறுநீரக அழற்சிக்கு ஆளாயினர் என்பது அக்கால ஆய்வுகளின் பொதுமுடிவு.

காரணம் கருப்பத்தின் உடலியலிலேயே உள்ளது. புரோஜெஸ்டிரோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்துகிறது, வளரும் கருப்பை அவற்றை அழுத்துகிறது, சிறுநீர் தேங்குகிறது. கருவுறாத பெண்ணிடம் பெரும்பாலும் தீங்கின்றிக் கழியும் தொற்று, கர்ப்பிணியிடம் சிறுநீரகம் வரை ஏற வழி கிடைக்கிறது. குறைப்பேறு, எடை குறைந்த குழந்தை ஆகியவற்றுடனும் இது தொடர்புபடுத்தப்பட்டது.

இக்கணக்குகள் மறுபரிசீலனைக்கும் உள்ளாயின. 2015இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், சிகிச்சையின்றி விடப்பட்ட தொற்றுடைய பெண்களில் 2.4 விழுக்காட்டினருக்கே சிறுநீரக அழற்சி ஏற்பட்டது. தொற்றற்றோரில் அது 0.6 விழுக்காடு. சிக்கலற்ற கருப்பம் கொண்ட, நல்ல கண்காணிப்பில் இருந்த பெண்களின் கணக்கு இது என்பதை மறத்தலாகாது. காய்ச்சல் கண்டவுடன் மருத்துவமனையை அடைய முடிந்தவர்களின் எண்ணை, அடைய முடியாதவர்களுக்கு அப்படியே பொருத்துவது பிழையாகும். உலக நலவாழ்வு நிறுவனம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை, தொற்று உறுதியான கர்ப்பிணிகள் அனைவருக்கும் 7 நாள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை வலியுறுத்துகிறது.

அடிவாரமும் மலையும்

பெரும்பாறையின் அடிவாரச் சமவெளி தாய்சேய் நல வரலாற்றில் தனியிடம் பெற்றது. மருத்துவரான டி.எஸ். சௌந்தரம், கஸ்தூரிபா நினைவு அறக்கட்டளைப் பணியின் வழியாக ஊர்ப்புறப் பெண்களுக்கான தொண்டில் இறங்கியவர், 1947இல் ஜி. ராமச்சந்திரனுடன் இணைந்து சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினார். 1952இல் ஆத்தூர்த் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானார். 1959இல் காந்திகிராமத்தில் கஸ்தூரிபா மருத்துவமனை உருவாயிற்று. காஸின் கண்டுபிடிப்பும் இம்மருத்துவமனையும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. எனினும் ஊர்ப்புறத் தாய்மை நலத்தின் அன்றைய முதன்மைக் கவலைகள் வேறு: பாதுகாப்பற்ற பேறு, குருதிப்பெருக்கு, சோகை. கண்ணுக்குத் தெரியும் மரணத்தின் முன் தெரியாத தொற்று பின்தள்ளப்பட்டது இயல்பே.

மலையின் சூழல் இதனினும் வேறுபட்டது. சமவெளியிலிருந்து பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடி நோக்கி ஏறும் சாலையின் இருபுறமும் காப்பி, மிளகு, மலைவாழைத் தோட்டங்கள் உள்ளன. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் கழிப்பிடம், மருத்துவ வசதி, பேறுகாலப் பயன் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் அது தொடக்கத்தில் 25 ஏக்கரும் 30 தொழிலாளரும் கொண்ட தோட்டங்களையே தழுவியது. சிறு தோட்டங்களில் கூலிக்குச் செல்லும் பெண்கள் அதன் நிழலுக்கு வெளியே நின்றனர். மறைவிடம் இல்லாத வேலைக்களத்தில் நீர் அருந்துவதைக் குறைப்பதும் சிறுநீரை அடக்குவதும் பழக்கமாகிவிடும்போது, தேக்கம் கருப்பத்தால் மட்டும் விளைவதாக இராது.

இரண்டு மணி நேரம்

தொற்றை உறுதிசெய்யும் வளர்ப்பு ஆய்வுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நடுத்தாரையில் பிடித்த சிறுநீர் அறைவெப்பத்தில் 2 மணி நேரத்திற்குள் ஆய்வகத்தை அடைய வேண்டும். தவறினால் குளிரூட்டப்பட்டோ போரிக் அமிலம் சேர்க்கப்பட்டோ இருத்தல் வேண்டும். இல்லையேல் வழியில் பெருகிய பாக்டீரியாவே நோயாகக் கணக்கிடப்படும். முடிவு தெரிய மேலும் ஓரிரு நாள் ஆகும். ஆக, மலைப்பெண்ணிடம் இருமுறைப் பயணமும் இருநாள் கூலியும் கேட்கப்படுகின்றன. அதுவும், உடலில் ஒன்றும் இல்லை என்று அவர் உணரும் வேளையில்.

ஆய்வகங்களோ மெல்லவே அருகில் வந்தன. மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது 1954இல். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். இடைப்பட்ட 68 ஆண்டுகள், ஒரு சோதனை மருத்துவ நூலிலிருந்து மாவட்டத் தலைநகரின் கல்லூரி வரை வரக் கடந்த காலம் எனலாம். அங்கிருந்து மலைக்கு இன்னும் ஒரு படி உள்ளது.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. சித்தரின் நீர்க்குறியும் செவிலியின் ஆல்புமின் சோதனையும் நோயாளி இருக்கும் இடத்திலேயே விடை தருவன. நுண்ணுயிர் வளர்ப்பு ஆய்வு அவ்வாறன்று. அதன் பரவலைத் தடுத்தது அறிவின்மை என்பதைவிடத் தொலைவு என்பதே பொருந்தும்.

2. அறிகுறி இல்லாத நோய்க்கு நோயாளி தாமே மருத்துவரை நாடி வாரார். எனவே அதனைத் தேடிச் செல்லும் பொறுப்பு முழுமையாகப் பொதுநல அமைப்பினுடையது.

3. வளர்ப்பு ஆய்வு இயலாத இடங்களில் கிராம் சாயமிட்டு நுண்ணோக்கியால் காணும் முறையை உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2016 பரிந்துரை ஏற்கிறது. நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற ஆய்வக நுட்பநரும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இயலக்கூடியதே.

தாய்சேய் நல அட்டையில் ஆல்புமினுக்கும் சர்க்கரைக்கும் அருகே மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்ப்பது அச்சுச் செலவளவில் மிகச் சிறிது. அக்கட்டம் நிரப்பப்பட வேண்டுமாயின், மலைச்சாலையில் சிறுநீர்க் குப்பி இறங்குவதா, நுண்ணோக்கி ஏறுவதா என்பதை முடிவு செய்தாக வேண்டும். இரண்டாவதே எளிது என்பது இக்கட்டுரையின் துணிபு.