சாமையின் பாடபேதங்கள்

மலையைப் பற்றி எழுதுகிறவர்களிடம் 'மனிதக் கை படாத' என்றொரு அடைமொழி எப்போதும் தயாராக இருக்கிறது. கை படாத காடு, கை படாத தேன், கை படாத மக்கள். ஜவ்வாது மலையும் இதற்குத் தப்பவில்லை. கவிதையில் வந்தால் இது வெறும் சோம்பல். சரித்திரத்தில் வந்தால், ஒரு ஜனக்கூட்டத்தின் உழைப்பையே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற காரியமாகிவிடுகிறது.

ஜமுனாமரத்தூர்ப் பக்கமிருந்து மலைவிளைபொருள் என்று கீழே இறங்குகிறவற்றைப் பார்ப்போம். புளி ஆப்பிரிக்காவில் தோன்றிய மரம். இங்கு வந்து எவ்வளவோ காலமாகி, அரபிகள் அதை 'இந்தியப் பேரீச்சை' என்று அழைக்குமளவுக்கு உள்ளூர்வாசியாகிவிட்டது. சீத்தா, போர்ச்சுகீசியர் கப்பல்களோடு அமெரிக்காவிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படுகிறது. உண்ணிச்செடியும் அமெரிக்காதான், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் அழகுக்காக வைத்தது, வேலி தாண்டி நாடெங்கும் போய்விட்டது. பலா மேற்கு மலைகளின் பிள்ளை. அதையும் வீட்டு வாசலில் நிற்கவைத்தது ஒரு கைதான்.

இங்குள்ள மலையாளிகள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையும் கை பட்ட கதையே. தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஜாதிகள் பற்றிய பெரிய நூலில் அது இருக்கிறது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டு, கிடைக்காமல், ஏழு பெண்களைத் தூக்கிப் போகிறார்கள். மீட்க ஏழு பேர் ஏழு நாய்களோடு புறப்படுகிறார்கள். நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் செத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பது ஏற்பாடு. பாலாற்று வெள்ளத்தில் நாய்கள் வழிதப்பித் திரும்ப, வீட்டில் கருமாதி முடிந்துவிடுகிறது. வேடர்களைக் கொன்று திரும்பியவர்கள் ஊர்க்கணக்கில் செத்தவர்கள். வேடர் பெண்களை மணந்துகொண்டு ஜவ்வாது மலையேறிப் பயிர் செய்யலானார்கள்.

இதை வைத்து அவர்கள் பழங்குடியா இல்லையா என்று வழக்காடுகிறவர்கள் வழக்காடட்டும். கதை வம்சாவளியைவிட அழுத்தமாகச் சொல்வது தொழிலை: மலை என்பது ஏறி வந்து உழைத்து உண்டாக்கியது. அதற்கும் முந்திய சாட்சி உண்டு. இம்மலையின் சில ஊர்களில் தேய்த்து வழவழப்பாக்கிய புதிய கற்காலக் கைக்கோடாரிகள் சாமியாக நிற்கின்றன, கும்பிடுகிறார்கள். மரத்தை வெட்டி முதல் வயலைத் திறந்த கருவிக்கே பூசை. கீழே, திருப்பத்தூர் வட்டத்துப் பையம்பள்ளியில் 1960களில் தொல்லியல் துறை தோண்டியபோது, புதிய கற்கால மனிதரின் குடியிருப்போடு கரிந்துபோன கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன.

இந்த மலையின் மையமான சிருஷ்டி சாமை. சிருஷ்டி என்று தெரிந்துதான் சொல்கிறேன். காட்டுப் புல்லின் மணி முதிர்ந்தவுடன் உதிர்ந்துவிடும். புல்லின் வம்சத்துக்கு அதுதான் க்ஷேமம். மனிதர் அறுத்தெடுத்து, அடுத்த மழைக்கு அதையே விதைத்தபோது, உதிராமல் கதிரில் தங்கிய மணிகளே அதிகம் கைக்கு வந்தன. யாரும் திட்டமிடவில்லை, ஆனால் வருஷாவருஷம் நடந்த இந்தப் பொறுக்கலில், மனிதக் கை இல்லாமல் பரவ முடியாத ஒரு செடி உண்டாகிவிட்டது. ஹரப்பாவிலும் குஜராத்தின் ரோஜ்டியிலும் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சாமை மணிகளை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அத்தனை நீளமான கை இது.

நம் பழைய கவிதையியலுக்கு இது தெரிந்தே இருந்தது என்று எனக்குப் படுகிறது. தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் ஒரே வரிசையில் வருகின்றன. இயற்கை ஒரு பக்கம், உழைப்பு இன்னொரு பக்கம் என்ற கோடு அங்கே இல்லை. இம்மலையின் தெற்கு அடிவாரத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. கூத்தர்களுக்கு வழி சொல்ல ஆரம்பித்த புலவர் அருவிக்கும் குகைக்கும் முன்னால் எள், தினை, அவரை, வரகு, இஞ்சி என்று விளைச்சலைத்தான் காட்டுகிறார். மலையின் அழகு அவருக்கு விளைந்த அழகு.

அந்தப் பாட்டு நமக்குக் கிடைத்த விதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிடும்வரை அது ஏடு விட்டு ஏடு எழுதப்பட்டே பிழைத்தது. ஏடு செல்லரிப்பதற்குள் யாராவது எடுத்து எழுத வேண்டும், எழுதும்போது எழுத்து மாறும், பாடபேதம் பிறக்கும். சாமை விதையின் வாழ்க்கையும் இதுதான். சில வருஷங்கள் விதைக்காமல் பானையில் கிடந்தால் முளைப்பு போய்விடும். ஒவ்வொரு ஆடியிலும் அதை மண்ணில் மறுபடி எழுதியாக வேண்டும். எழுதுகிறவர்களின் சரிவு, மண், மழை, நாக்கு இவற்றுக்கேற்பச் சிட்டன் சாமை, பெருஞ்சாமை என்று பேதங்கள் விளைந்தன. பதிப்பாசிரியருக்குப் பாடபேதம் அடிக்குறிப்பு. மலைக்காரருக்கு அது, ஒரு மழை தவறினாலும் இன்னொன்று கைகொடுக்கும் என்கிற ஜீவாதாரம்.

இந்தத் தொடர் எழுத்தில் குறுக்கே விழுந்தது முதலில் சட்டம். தமிழில் காடு என்றால் மரக்காடும்தான், சோளக்காடும்தான். ஏர் போகும் நிலம் உழவுக்காடு. ஏர் போகாத சரிவு கொத்துக்காடு. 1882இன் மதராஸ் வனச் சட்டம் வந்தபோது சர்க்கார் தன் மொழியின் காட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. விளைந்து, விட்டு, மறுபடி விளையவிருந்த தரிசும் ஒதுக்குக்காட்டின் கோட்டுக்குள் போகலாயிற்று. கை படாதது என்ற அடைமொழிக்கு அன்றே சர்வே எண் கிடைத்துவிட்டது.

சந்தனத்தின் கதை இன்னும் கசப்பு. அது தனியாக நிற்காத மரம். பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரைச் செருகி உறிஞ்சித்தான் வளர்கிறது. அயல் மரங்களோடு சேர்ந்து நின்ற அதைத் தனியாகப் பிரித்து விலை வைத்தார்கள். திருப்பத்தூரில் கிடங்கு வந்தது, கள்ளக் கோடாரியும் வந்தது. ஜவ்வாது மலையின் பேர்போன சந்தனக் காடுகள் பெரும்பாலும் வெறிச்சோடின. கோடாரி பிடித்த கைகளைக் கூலிக்கு அடுத்த மரம் கூப்பிட்டது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி, தமிழ்நாட்டுக்காரர் 20 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. பூசையில் இருக்கும் கோடாரிக்கும் அந்தக் கோடாரிக்கும் நடுவில் எவ்வளவு சரித்திரம் கிடக்கிறது.

இரண்டாவது குறுக்கீடு அரிசி. இங்கே நகரத்து அன்பர்கள் சீக்கிரம் கண்ணீர் விடுகிறார்கள். ரேஷன் அரிசி சாமையைக் கொன்றுவிட்டது என்கிறார்கள். 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011இலிருந்து இலவசமாகவும் கிடைத்த அரிசி, மழை பொய்த்த வருஷத்தில் வேரையும் கிழங்கையும் தேடி அலைய வேண்டியதில்லை என்ற நிலையை ஏற்படுத்தியது. தவிர, சாமையின் உமி லேசில் போகாது. உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி ஒரு வேளைச் சோறாக்குவதற்குள் ஒரு பெண்ணின் காலைப்பொழுது முடிந்துவிடும். சாமையைக் கைவிட்டதில் அந்தத் தோள்வலியின் தீர்ப்பும் இருக்கிறது. அதை அறியாமை என்று சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை.

2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக்கியது. சர்க்கரை வியாதிக்காரர்கள் சாமையைத் தேடுகிறார்கள். திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மையம் நல்ல ரகங்களைத் தருகிறது. எல்லாம் நல்லதே. ஆனால் ஒரு சுத்தப்பதிப்பு வந்ததும் ஏடுகளைப் பரணில் போட்டு மறந்த ஜனங்கள் நாம். குளிர் அறையில் காக்கும் விதை சாகாது. ஆனால் மாறவும் மாறாது. இந்த வருஷத்து வெயிலைக் கற்றுக்கொள்ள அதனால் முடியாது. கற்றுக்கொள்வது சரிவில் விதைக்கப்படும் விதை மட்டுமே.

ஆகவே கேள்வி சாமையைக் காப்பாற்றுவதைப் பற்றியதல்ல. விதைக்கிறவருக்கு அந்தச் சரிவின்மேல் உரிமை உண்டா, உமி நீக்கும் யந்திரம் அந்த ஊரிலேயே உண்டா, கீழே விற்கும் விலையில் மேலே போய்ச் சேருவது எவ்வளவு என்பதுதான். இவற்றுக்குப் பதில் இல்லாமல் இயற்கை, பாரம்பரியம் என்று நாம் பேசுவது, எழுதியவர் பெயரை அழித்துவிட்டுப் பாட்டை மட்டும் ரசிப்பது போன்றது. ஜவ்வாது மலையில் அந்தப் பெயர்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. மாதக்கணக்கில் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலிக்குப் போய்விட்டு, ஆடி மழைக்குத் திரும்புவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கின்றன.